பழைய குடும்பக் கடிதங்களைத் தேடி ஆவணக் காப்பகம் போகிறவர்களுக்கு: பினாங்கிலிருந்து ஒரு வழிகாட்டி

தாத்தா எந்த வருஷம் கப்பல் ஏறினார், எந்தத் தோட்டத்தில் முதலில் வேலை செய்தார், ஊருக்கு என்ன எழுதினார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுக்கும் ஓசிஐ அட்டைக்கு மனுப் போடுவதற்காகத் தேடுகிறவர்களும் உண்டு. அந்த அட்டைக்கு வம்சாவளியைக் காட்ட வேண்டும் என்பதால், பாட்டன் பூட்டன் பெயரில் ஏதாவது ஒரு காகிதம் வேண்டும். இரண்டு வகையினரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். காப்பகத்துக்குப் போய்ப் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள், அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று பதில் வருகிறது, மனம் விட்டுப்போய்த் திரும்பிவிடுகிறார்கள்.

அந்தப் பதிலோடு நின்றுவிடாதீர்கள். காப்பகத்தில் காகிதங்கள் யாரைப் பற்றியவை என்று பார்த்து அடுக்கப்படுவதில்லை. எந்த அலுவலகம் எழுதியது, எந்த அலுவலகத்துக்கு வந்தது என்று பார்த்துத்தான் அடுக்குகிறார்கள். முனியாண்டி என்ற தொழிலாளி சம்பளப் பாக்கி கேட்டு மனு எழுதியிருந்தால், அது முனியாண்டி பெயரில் இருக்காது. அந்த மனு போய்ச் சேர்ந்த அலுவலகத்தின் கோப்பில், தோட்டத்தின் பெயருக்குக் கீழே, பத்துப் பதினைந்து தாள்களுக்கு நடுவில் இருக்கும். ஆகவே ஆளைத் தேடாதீர்கள். தோட்டத்தையும் அலுவலகத்தையும் வருஷத்தையும் தேடுங்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆனது. உங்களுக்கு அவ்வளவு அலைச்சல் வேண்டாம்.

1. முதலில் வீட்டில் இருப்பதை வெளியே எடுங்கள்

டிரங்குப் பெட்டி, சாமிப் படத்துக்குப் பின்புறம், பெரியத்தை வீட்டு அலமாரி, எல்லா இடத்திலும் கேளுங்கள். கடிதம் மட்டும் அல்ல. மணியார்டர் ரசீது, பழைய பிரிட்டிஷ் இந்தியப் பாஸ்போர்ட், 1948க்குப் பிறகு வந்த முதல் ஐசி (அடையாள அட்டை), தோட்டத்துச் சம்பளத் துண்டு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, எதையும் ஒதுக்காதீர்கள். கருமாதிப் பத்திரிகையை யாரும் மதிப்பதில்லை. ஆனால் மகன், மருமகன், பேரன் என்று ஒரு குடும்பத்தின் முழு உறவுமுறையும் ஊர்ப் பெயரோடு அச்சில் இருக்கும் காகிதம் அதுதான்.

கடித உறையில் இருக்கும் தபால்தலையை யாரும் கிழித்தெடுக்க விடாதீர்கள். சேகரிப்பவர்கள் ஆசையாகக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். என் கையில் உள்ள ஒரு உறையைச் சொல்கிறேன். உள்ளே இருந்த கடிதத்தில் தேதி இல்லை. மேலே உ என்று பிள்ளையார் சுழி, அடுத்து 'இவ்விடம் யாவரும் க்ஷேமம்', அதற்குப் பிறகு நேரே பணம் அனுப்பிய விவரம். ஆனால் உறையின் மேல் நெற்கட்டுப் படம் போட்ட கெடா தபால்தலை, அதன் மேல் பாதி அழிந்த வட்ட முத்திரை. அந்த முத்திரையில் ஊரும் வருஷமும் கிடைத்துவிட்டன. எந்த மாநிலம், எந்தத் தபால் நிலையம் என்று தெரிந்ததால் எந்தக் காப்பகத்தில் தேடுவது என்பதும் முடிவாகிவிட்டது. முத்திரை படிக்க முடியாமல் தபால்தலையில் அரசர் தலை மட்டும் தெரிந்தாலும் உதவும். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910 முதல் 1936 வரை, ஆறாம் ஜார்ஜ் என்றால் 1936 முதல் 1952 வரை. 2602, 2603 என்று வருஷம் போட்ட காகிதம் கிடைத்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். அது ஜப்பானியர் கால ஆண்டுக் கணக்கு. 2602 என்பது 1942.

தமிழ் வருஷம் போட்ட கடிதங்களில் இரண்டு இடத்தில் தடுமாறுவோம். ஒன்று, அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். தாது வருஷம் 1876லும் உண்டு, 1936லும் உண்டு. தபால்தலையோ, தாளின் தன்மையோ, கடிதத்தில் வரும் ஆட்களோதான் எது என்று சொல்ல வேண்டும். இன்னொன்று, வருஷம் சித்திரையில் பிறப்பதால் மார்கழி பாதிக்கு மேலும் தை, மாசி, பங்குனியும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். வெகுதானிய வருஷம் ஆடி என்றால் 1938. அதே வெகுதானிய வருஷம் மாசி என்றால் 1939. காப்பகத்தில் கோப்புகள் வருஷவாரியாக இருப்பதால், இங்கே ஒரு வருஷம் பிசகினால் அங்கே ஒரு நாள் முழுக்க வீணாகும்.

2. ஒரு தாளில் பெயர், இடம், வருஷம் எழுதுங்கள்

பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்க முடியுமோ அத்தனையும் எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்து எழுத்தரான கிராணியின் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் பதிவாகியிருக்கும். முனியாண்டியின் 'மு' ஒரு காகிதத்தில் யூ போட்டும் இன்னொன்றில் இரட்டை ஓ போட்டும் வரும். தகப்பன் பெயர் சில பதிவுகளில் இருக்கும், பல பதிவுகளில் இருக்காது.

அடுத்து இடம். தோட்டத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் ஒன்று, கம்பெனியின் பெயர் இன்னொன்று. பாட்டி சொல்லும் பெயர் கோப்பில் இருக்கவே இருக்காது. அந்தத் தோட்டத்தின் பதிவுப் பெயர் என்ன என்று அந்தப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் விசாரியுங்கள். பல பள்ளிகளுக்குத் தோட்டத்தின் பெயரே பள்ளிப் பெயராக நின்றிருக்கிறது. ஊர்ப் பெயர்களும் மாறியிருக்கின்றன. கிள்ளான் துறைமுகத்தைப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்றும், தெலுக் இந்தானைத் தெலுக் ஆன்சன் என்றும், செபராங் பிறையை புரோவின்ஸ் வெல்லஸ்லி என்றும் தேடுங்கள்.

இடம் தெரிந்தால் ஆட்சி தெரியும், ஆட்சி தெரிந்தால் எந்தக் கோப்புத் தொகுதி என்று தெரியும். சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் ஒரு நிர்வாகம். பினாங்கும் செபராங் பிறையும் பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களைச் (ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ்) சேர்ந்தவை, தலைமையகம் சிங்கப்பூர். கெடா தனி. பிறையில் வேலை செய்த தாத்தாவுக்கும், சில மைல் தள்ளிக் கூலிமில் வேலை செய்த அவர் தம்பிக்கும் காகிதம் வெவ்வேறு அலுவலகத்துக்குப் போயிருக்கும். பினாங்குக் குடும்பங்கள் அதிகம் குழம்புவது இதில்தான்.

3. வீட்டிலிருந்தே தேடுங்கள், காசு செலவில்லை

எல்லாரும் அர்கிப் நெகாரா என்று சொல்லும் தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடுபட்டியல் இணையத்தில் இருக்கிறது; ஓஎஃப்ஏ என்று தேடினால் வரும். கோப்பின் தலைப்பை மட்டும்தான் அது காட்டும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தேடித் தராது. தோட்டத்தின் பெயரை முதலில் போடுங்கள். பிறகு கங்காணி, தமிழ், இந்தியக் குடிபெயர்வு போன்ற சொற்களை ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள். கூலி என்ற சொல்லையும் போட வேண்டும். நம் பாட்டன்மாரை அந்தச் சொல்லால் தேடுவது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைய எழுத்தர்கள் கோப்பின் தலைப்பில் அதைத்தான் எழுதினார்கள். அதை விட்டால் பாதிக் கோப்புகள் கண்ணில் படாது.

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பெறுகை எண் இருக்கும். 1957 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்து, 1957ஆம் வருஷக் கோப்பு நமக்கெதற்கு என்று தள்ளிவிடாதீர்கள். அது காப்பகத்துக்கு வந்து சேர்ந்த கணக்கின் எண். உள்ளே 1890களின் கடிதமும் இருக்கலாம். எண்ணையும் தலைப்பையும் எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தியப் பக்கம் அபிலேக் படல் என்ற தளம் இருக்கிறது, இந்திய தேசிய ஆவணக் காப்பகத்துடையது. குடிபெயர்வுத் துறைக் கோப்புகளை அங்கே தேடுங்கள். 1920களுக்குப் பிறகு என்றால் கல்வி, சுகாதாரம், நிலம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்த துறையின் கோப்புகளில் பாருங்கள். மலாயாவில் இந்திய அரசாங்கத்துக்கு ஒரு ஏஜெண்டு இருந்தார், அலுவலகம் கோலாலம்பூரில். தோட்டத்து மக்களின் புகார்கள் அவருக்குப் போயின. அது சம்பந்தமான கடிதப் போக்குவரத்து அபிலேக் படல் தளத்தில்தான் கிடைக்கும்.

பத்திரிகைகளை விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்களும், பினாங்கில் வெளிவந்த ஆங்கில நாளிதழ்களும் இருக்கின்றன. மரண அறிவிப்பு, தோட்டத்தில் நடந்த விபத்து, சங்கக் கூட்டம் என்று எத்தனையோ பெயர்கள் அதில் கிடக்கின்றன. ஆங்கில இதழ்களில் சொல்லைப் போட்டுத் தேடுவது சுலபம். தமிழில் அச்சு மங்கிய இடங்களில் தேடல் தவறவிடும். நாள் தெரிந்தால் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

பினாங்கு, செபராங் பிறைக் குடும்பங்களுக்கு இன்னொன்று. நீரிணைக் குடியேற்ற அரசு லண்டனுக்கு எழுதியதெல்லாம் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிஓ 273 என்ற தொகுதியில் இருக்கிறது. தனி ஆளின் பெயர் அதில் அபூர்வம். தோட்டத்தில் கலவரமோ கொள்ளை நோயோ வந்திருந்தால் மட்டும் பாருங்கள்.

4. எங்கே போவது, எந்தக் கிழமை போவது

தலைமைக் காப்பகம் கோலாலம்பூரில் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலீமில் இருக்கிறது. ஜாலான் டூத்தா என்று பழைய பெயரைச் சொன்னால்தான் பலருக்குத் தெரியும். சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் போன்ற பெரிய தொகுதிகள் அங்கேதான். பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் கே.எல். சென்ட்ரல் போக நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அங்கிருந்து கிராப் வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள், நடந்து போகும் தூரமில்லை. காலையில் கிளம்பி மாலையில் திரும்புவதை நான் சொல்லமாட்டேன். கோப்பு கையில் வரும்போதே மதியம் ஆகிவிடும். முந்தின நாள் இரவே பிரிக்பீல்ட்ஸ் பக்கம் தங்கிவிட்டால் காலையில் கதவு திறக்கும்போது போய் நிற்கலாம். வெள்ளிக்கிழமை வேண்டாம், தொழுகை நேரத்துக்காக மதிய இடைவேளை நீளம். ரயில், தங்குமிடம் போக ஒரு நாள் சாப்பாடு, கிராப், நகல் எல்லாவற்றுக்கும் நூறு வெள்ளி (ரிங்கிட்) கையில் இருந்தால் போதும். பள்ளி விடுமுறை என்றால் ரயில் டிக்கெட்டை முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

தாத்தா சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் பக்கம் என்றால் அலோர் ஸ்டாரில் இருக்கும் கெடா, பெர்லிஸ் கிளையை முதலில் கேளுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து கொம்யூட்டர் ரயிலே போகிறது. கெடாவில் அரசாங்க விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்குப் பழக்கத்தில் வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனால் கதவு மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேலை நாள் என்பதால், பினாங்கில் வேலை செய்கிறவர்களுக்கு லீவு போடாமலே போய்வர அது வசதி.

கெடாக் கோப்புகளுக்குப் போகுமுன் இன்னொரு ஏற்பாடு தேவை. போருக்கு முந்திய கெடா மாநில அரசின் கடிதங்கள் பெரும்பாலும் மலாய் மொழியில், ஜாவி என்ற அரபு வகை எழுத்தில் இருக்கும். மலாய் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் பழைய ஜாவிக் கையெழுத்து சிரமம். ஜாவி படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது நகல் எடுத்து வந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் யாரிடமாவது காட்டுங்கள். அவர்கள் செலவிடும் நேரத்துக்கு உரியதைக் கொடுத்துவிடுங்கள்.

எங்கே போவதாக இருந்தாலும் ஒரு வாரம் முன்னதாக, பார்க்க வேண்டிய கோப்புகளின் எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். மலாயில் எழுதினால் பதில் சீக்கிரம் வரும். சில கோப்புகள் பழுதுபார்ப்புக்குப் போயிருக்கும், சில நுண்படத்தில் (மைக்ரோஃபில்ம்) மட்டும் கிடைக்கும். இதெல்லாம் ரயில் ஏறுமுன் தெரிவது நல்லது.

5. வாசிப்பறையில்

ஐசியைக் கொண்டுபோங்கள், ஆய்வாளராகப் பதிவு செய்ய அது போதும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ள உறவினர் கூட வந்தால் அனுமதி விஷயத்தை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பையை வெளியே வைத்துவிட வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு வந்ததும் உங்கள் ஆளின் பெயரைத் தேடிப் புரட்டாதீர்கள். முதல் தாளிலிருந்து படியுங்கள். அந்தக் காலக் கோப்பில் முன்னால் அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிய குறிப்புகள் வரிசை எண்ணோடு இருக்கும், அதற்குப் பின்னால் வந்த கடிதங்கள் இணைப்பாக இருக்கும். அதிகாரி இரண்டே வரியில் தள்ளிவிட்ட விஷயம், பின்னால் இணைப்பில் தொழிலாளியின் வாயிலிருந்து வந்தபடி முழுசாக இருக்கும். மனு எழுதுபவர் ஆங்கிலத்தில் எழுதிய தாளின் அடியில் வரிசையாகப் பெருவிரல் ரேகைகள், ஒவ்வொரு ரேகைக்கும் பக்கத்தில் எழுத்தர் எழுதிய பெயர். அந்தப் பெயர்களை ஒன்று விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் குடும்பமாக இல்லாவிட்டாலும். ஒரே ஊரிலிருந்து ஒரே கங்காணியோடு சேர்ந்து வந்தவர்களாக இருப்பார்கள். அவர்களில் ஒருவரின் பேரன் உங்கள் தெருவிலேயே இருக்கலாம்.

25 ஆண்டுகளுக்கு உட்பட்ட கோப்புகளைப் பொதுவாகப் பார்க்கவிட மாட்டார்கள். நாம் தேடுவது பெரும்பாலும் அதற்கு முந்தியது என்பதால் இது பெரிய தடையில்லை.

6. நகல்

கைத்தொலைபேசியில் படம் எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். கேட்காமல் எடுத்தால் கோப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். நகலுக்குக் கட்டணம் பக்கக் கணக்கில் இருக்கும், நுண்படப் பிரதிக்கும் வண்ணப் பிரதிக்கும் வேறு வேறு. அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு எந்தப் பக்கம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு நகலின் மூலையிலும் கோப்பு எண், பக்கம், நாள் மூன்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள். எண் இல்லாத நகலை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் எதையும் நிரூபிக்க முடியாது.

ஓசிஐ போன்ற காரியங்களுக்கு என்றால் முத்திரையிட்ட உறுதி நகல் வேண்டும் என்று சொல்லி மனுக் கொடுங்கள். அதே நாளில் கைக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், தபாலில் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். பிறப்பு, இறப்புப் பத்திரங்களுக்கு அர்கிப்பில் வரிசையில் நிற்க வேண்டாம். அது தேசியப் பதிவுத் துறையின் வேலை. ஜேபிஎன் அலுவலகத்தில் பதிவேட்டின் பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம். கட்டணம் குறைவு, ஆனால் போருக்கு முந்திய பதிவு என்றால் தேடி எடுக்க நாள் பிடிக்கும். தூதரகத்தில் காகிதம் கொடுக்க வேண்டிய தேதிக்குப் பல மாதங்கள் முன்னாலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

7. காப்பகத்தில் கிடைக்காதவை

தோட்டத்துச் செக்ரோல், அதாவது ஆள் வருகையும் சம்பளமும் எழுதிய பதிவேடு, அரசாங்கக் காகிதம் அல்ல, கம்பெனியுடையது. அதை அர்கிப்பில் தேடி நாளைக் கழிக்காதீர்கள். ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் போன்ற பெரிய கம்பெனியின் ஆவணங்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் (தி லண்டன் ஆர்க்கைவ்ஸ்) இருக்கின்றன. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் பெரிய வரம். பினாங்கில் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் போன்ற பழைய தமிழ்ப் பங்குகளில் பங்குத்தந்தைக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். கோயில்களில் நன்கொடைக் கல்வெட்டையும் பழைய வரவு செலவுப் புத்தகத்தையும் கேளுங்கள்.

8. உங்கள் கடிதங்களைக் காப்பகத்தில் சேர்ப்பது

தேடிப் போகிறவர்களில் பலர் இதை நினைப்பதில்லை. நான் உங்களிடம் மனதாரக் கேட்டுக்கொள்வது இதைத்தான். அர்கிப் நெகாரா தனியார் கடிதங்களையும் ஏற்றுக்கொள்கிறது. எஸ்பி என்று தொடங்கும் குறியில் இருப்பவை அவைதான். மலாயாச் சீனர் சங்கத்தின் முதல் தலைவர் துன் டான் செங் லொக்கின் தாள்கள் அப்படி அங்கே இருக்கின்றன. கெடா சுல்தானின் 1882 முதல் 1943 வரையிலான கடிதப் போக்குவரத்து 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறியது. அதே கெடாவில் ரப்பர் வெட்டியவர்கள் ஊருக்கு எழுதியதும் ஊரிலிருந்து வந்ததும் நம் வீட்டுப் பெட்டிகளில் கரையானுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. தோட்டத்துக் குடும்பத்தின் கடிதம் என்று சொல்லிக் காப்பகத்தில் என் கண்ணில் பட்டவை மிகக் குறைவு. நாம் கொடுக்காமல் அது அங்கே வராது.

கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை: லேமினேட் செய்யாதீர்கள், பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். துருப்பிடித்த குண்டூசியையும் கிளிப்பையும் மெதுவாக எடுத்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அமிலமில்லாத தாள் உறை ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் சுத்தமான வெள்ளைத் தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில், தரையில் படாமல் வையுங்கள். இராமபாணப் பூச்சிக்காக மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள்.

கடிதத்தையும் உறையையும் பிரிக்காமல் ஒன்றாக ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் அதையும். 300 டிபிஐ குறைந்தபட்சம், பொடி எழுத்துக்கு 600. பிறகு கடிதத்துக்கு ஒரு வரியாகப் பட்டியல் எழுதுங்கள்: யார், யாருக்கு, எந்த ஊரிலிருந்து, எந்த நாள். கடிதத்தில் வரும் பெரியப்பா யார், சின்னக்கா யார் என்று உயிரோடு இருக்கும் பெரியவர்களைக் கேட்டு இப்போதே எழுதிவிடுங்கள். காப்பக ஊழியரால் செய்ய முடியாத வேலை அது.

குடும்பத்தில் உரிமை உள்ள எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சித்தப்பா பின்னால் ஆட்சேபித்தால் எல்லாமே நின்றுபோகும். கடன், சண்டை, இரண்டாம் கல்யாணம் என்று வெளியே தெரிய வேண்டாத விஷயம் இருந்தால், இத்தனை வருஷம் திறக்கக் கூடாது என்று நிபந்தனை வைக்க முடியுமா எனக் கேட்டு, ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள். கொடுத்துவிட மனமில்லையா, பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் பட்டியலின் இரண்டு பிரதியிலும் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். தொகுப்புக்குப் பெறுகை எண் கொடுக்கப் பல மாதங்கள் ஆகலாம். வாங்கிக்கொண்ட அதிகாரியின் பெயரைக் குறித்து வைத்து அவ்வப்போது விசாரியுங்கள். எண் வந்ததும் அதை வீட்டில் இருக்கும் பிரதிகள் எல்லாவற்றிலும் பென்சிலால் எழுதி, ஒரு தொகுதியை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.